பதினோரு பெயரும் ஒரு ஸ்க்ரூவும்

வெள்ளேரிப்பாக்கம் நகராட்சியில் குப்பை அள்ளும் பேட்டரி வண்டிகள் மொத்தம் பதினாலு. ஆவடிக்கும் பூந்தமல்லிக்கும் நடுவே மாட்டிக்கொண்ட ஊருக்கு அது தாராளம்தான். பதின்மூன்று வண்டிகள் ஒழுங்காக ஓடின. பானுப்பிரியாவின் வண்டியும் ஓடாது என்று யாரும் சொல்லிவிட முடியாது. வேகத்தடையில் ஏறி இறங்கினால்தான் நிற்கும். அதுவும் எல்லா வேகத்தடையிலும் நிற்காது, எல்லா நாளும் நிற்காது. அதற்கே ஒரு மனசு இருந்தது.

திடீரென்று விளக்கு அணையும். ஹாரன் அடங்கும். குப்பையைப் பிரித்துக் கொடுங்கள் என்று கெஞ்சிக்கொண்டே வரும் ஒலிபெருக்கி, பாதிக் கெஞ்சலில் மூச்சை விடும். பானு சாவியைத் திருகுவாள், இறங்குவாள், சீட்டைத் தூக்கிப் பார்ப்பாள், பேட்டரியைத் தொட்டுக் கும்பிடக்கூடச் செய்வாள். பத்து நிமிஷம் போனால், ஒன்றுமே நடக்காத மாதிரி எல்லாம் தானாக எரியும். அதற்குள் பின்னால் பால் வண்டி, தண்ணி லாரி, கம்பெனி பஸ் என்று தெருவே ஹாரனில் கை வைத்துக்கொண்டு நிற்கும்.

"இன்னாம்மே, மறுபடியும் கோச்சிகிச்சா?" என்பார் துலுக்கானம். வண்டிக்கு முன்னால் விசில் ஊதிக்கொண்டு நடப்பது அவர் வேலை.

"நீ வேற மாமா. ஊதிகினு போ நீ பாட்டுக்கு."

"ஊதிகினேதான் கீறேன். ஜனங்க பக்கெட்ட தூக்கிகினு வந்து நிக்குது, வண்டி எங்கன்னு கேக்குது. நான் இன்னா, தலையிலயா வாங்கிகினு போவேன்?"

பானுவுக்குச் சிரிப்பு வராது. ஆறு வருஷம் தள்ளுவண்டி தள்ளியவள் அவள். நாலு டிரம் குப்பையோடு மேட்டில் ஏற்றும்போது இடது தோள் கழன்று கையில் வந்துவிடும் போலிருக்கும். திருமழிசை தொழிற்பேட்டைக்குப் பின்னால், ஞாயிற்றுக்கிழமை ஞாயிற்றுக்கிழமையாக அண்ணனின் ஷேர் ஆட்டோவில் ஓட்டப் பழகி, லைசென்ஸ் எடுத்து, பதினாலு ஓட்டுநர்களில் ஒரே பெண்ணாக அந்த சீட்டில் உட்கார்ந்து எட்டு மாசம்தான் ஆகிறது. தோள் இப்போதுதான் வலிக்காமல் தூங்க விடுகிறது.

நகராட்சியில் வண்டி நின்றால் பதிவேட்டில் காரணம் எழுத வேண்டும். காரணக் கட்டத்துக்கு இரண்டே விடைகள்தான் அங்கீகரிக்கப்பட்டிருந்தன: ஒன்று 'வண்டிப் பழுது', இன்னொன்று 'ஓட்டுநர் தவறு'. வண்டிப் பழுது என்று எழுத, சுகாதார ஆய்வாளர் பழுதைக் கண்ணால் பார்த்திருக்க வேண்டும். பார்க்கவில்லையானால் அது தானாகவே ஓட்டுநர் தவறாகிவிடும். ஒரு மாசத்தில் பத்து தவறு சேர்ந்தால், ஆள் பழையபடி தள்ளுவண்டிக்குப் போக வேண்டும். பன்னிரண்டாம் தேதிக்குள் பானுவின் கணக்கில் ஏழு சேர்ந்துவிட்டது.

சுகாதார ஆய்வாளர் நாகேந்திரன் நல்ல மனிதர் என்றுதான் எல்லாரும் சொல்வார்கள், ஏனென்றால் அவர் எதுவுமே செய்வதில்லை.

"சார், நிஜமாவே நிக்குது சார். துலுக்கானம் மாமாவ கேளுங்க."

"நான் இல்லைன்னு சொன்னேனாம்மா? முப்பத்தோரு வருஷ சர்வீஸ்ல கண்ணால பாக்காத எதையும் நான் எழுதினது கிடையாது. டெங்கு கொசுவே ஆகட்டும், என் முன்னாடி வந்து கடிச்சாத்தான் ரெஜிஸ்டர்ல ஏறும். நம்ம நகராட்சியில ரெண்டு வருஷமா டெங்குவே கிடையாது, தெரியுமா உனக்கு?"

தெரியும். போன ஐப்பசியில் டெங்கு வந்து பானு ஒன்பது நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். அதைச் சொல்ல இது நேரமில்லை என்று விட்டுவிட்டாள்.

மறுநாள் அவள் கையில் ஒரு கடிதம் கொடுத்தார்கள். மேற்படி பழுதை வரும் செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணிக்கு அலுவலக வளாகத்தில் ஆஜர்படுத்த வேண்டும், தவறினால் அவ்வாறான பழுது ஏதும் இல்லை எனக் கருதப்படும் என்று அதில் இருந்தது. நகல் பழுதுக்கும் அனுப்பப்பட்டதா என்று துலுக்கானம் கேட்டார்.

செவ்வாய்க்கிழமை வளாகத்தில் நாற்காலி போட்டு மூன்று அதிகாரிகள் உட்கார்ந்தார்கள். செங்கல் அடுக்கி ஒரு வேகத்தடையும் தயார் செய்திருந்தார்கள். பானு இருபத்திரண்டு சுற்று சுற்றினாள். வண்டி கல்யாண ஊர்வலத்துக் குதிரை மாதிரி செங்கல் மேல் ஏறி இறங்கியது. விளக்கு ஜொலித்தது. ஒலிபெருக்கி கணீரென்று கெஞ்சியது. பதினைந்தாம் சுற்றில் ஒரு அதிகாரி தலையாட்டித் தாளம் போட ஆரம்பித்துவிட்டார்.

"நல்லாத்தானேம்மா ஓட்டற? ஒழுங்கா ஓட்டினா ஓடுது பார்" என்றார் நாகேந்திரன். பழுது இல்லை என்று எழுதி, மூன்று பேரும் கையெழுத்துப் போட்டு எழுந்து போனார்கள்.

வாசல் கேட்டைத் தாண்டியதும் வண்டி நின்றது.

பானு செருப்பு ஒரு பக்கம் கழல, மாடிக்கு ஓடினாள். "சார்! நின்னுடுச்சி சார்! கீழதான் கீது, ஓடியாங்க சார்!"

நாகேந்திரன் டிபன் பாக்ஸைத் திறந்து கொண்டிருந்தார். மாங்காட்டிலிருந்து அவர் மனைவி கட்டிக் கொடுத்த வத்தக்குழம்பு. "மணி ஒண்ணு ஆயிடுச்சும்மா. ரெண்டு மணிக்கு வர்றேன். அதுவரைக்கும் பழுதை அப்படியே வெச்சிரு. யாரையும் தொட விடாத."

அவர் ரசம் ஊற்றிக்கொள்வதற்குள் வண்டி உயிர் பெற்று, ஒலிபெருக்கி கீழிருந்து மாடிக்குக் கேட்கும்படி பேச ஆரம்பித்தது. எட்டாவது தவறு பதிவாயிற்று.

வாகனப் பிரிவில் போய்க் கேட்டால் ஒருவேளை திறந்து பார்ப்பார்கள் என்று யாரோ சொன்னார்கள். அங்கே உட்கார்ந்திருந்த கிருஷ்ணப்பிரியா மேடம் பழுது நீக்கும் படிவத்தை எடுத்து வைத்துக்கொண்டு பொறுமையாகக் கேட்டார்.

"எஞ்ஜின் நம்பர் சொல்லுங்க."

"எஞ்ஜின் இல்ல மேடம். பேட்டரி."

"டீசல் எத்தனை லிட்டர் போடறீங்க?"

"டீசலே கெடயாது மேடம். நைட்டு சார்ஜ் போடுவோம்."

கிருஷ்ணப்பிரியா பேனாவை மூடினார். "எஞ்ஜினும் இல்ல, டீசலும் இல்லன்னா எங்க படிவத்துல அது வாகனம் கிடையாதும்மா."

"அப்ப நான் எட்டு மாசமா இன்னாத்தைதான் மேடம் ஓட்டிகினு கீறேன்?"

"அதை நீங்கதான் சொல்லணும். கரண்ட் சம்பந்தப்பட்டதுன்னா மின் பிரிவு. பக்கத்து ரூம்."

மின் பிரிவு உதவிப் பொறியாளர் தமிழ்வாணன், வேப்பம்பட்டிலிருந்து ரயிலேறி வருகிறவர். நகராட்சியின் நாலாயிரத்துச் சொச்சம் தெருவிளக்குகளும் அவர் பொறுப்பு. மேடை கிடைக்காத நாளில் எதிரே நிற்கிறவரையே மேடையாக்கிக் கொள்வார்.

"கவலை வேண்டாம் தங்கையே! இருள் என்று ஒன்று இந்த நகரில் இருக்கக் கூடாது என்பதே என் இலட்சியம். எங்கே விளக்கு எரியவில்லை என்றாலும் நாற்பத்தெட்டு மணி நேரத்தில் எரிந்துவிட்டதாகப் பதிவு செய்துவிடுவோம். மாநிலத்திலேயே பதிவு செய்யும் வேகத்தில் நாம்தான் முதலிடம். சொல், கம்பம் எண் என்ன?"

"கம்பம் இல்லீங்க அண்ணா. வண்டி."

"கம்பம் எண் இல்லாமல் கணினி புகாரை ஏற்காது, தங்கையே."

பானு அழுதுவிடுவாள் போலிருந்தது. தமிழ்வாணன் இரக்கமுள்ளவர். நெற்றியைத் தேய்த்தார், கணினியைத் தட்டினார், அப்புறம் முகம் மலர்ந்தார். "ஒரு வழி இருக்கிறது. வண்டிக்கே ஒரு கம்பம் எண் கொடுத்துவிடுவோம்!"

அன்று மாலையே வண்டியின் பக்கவாட்டில் மஞ்சள் பெயின்ட் அடித்து, கறுப்பு எழுத்தில் 'வெ.ந. 7/114-அ' என்று எழுதினார்கள். அந்த நிமிஷம் முதல் பானுவின் வண்டி நகராட்சிக் கணக்கில் ஒரு தெருவிளக்குக் கம்பம்.

"கம்பத்துல ஏறி குந்திகினு ஊர சுத்தற மொத பொம்பள நீதாம்மே" என்றார் துலுக்கானம். "ஊர்ல நாயிங்க எதுனா ஓரமா வந்து நின்னா பாத்துக்க."

இரண்டாம் நாள் இரண்டு பேர் ஏணியோடு வந்து வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தார்கள். ஏணியைச் சாய்க்க இடமில்லை. கடைசியில் அதைக் கீழே போட்டுவிட்டு, முன்விளக்கின் பல்பைக் கழற்றி வேறு பல்பைப் போட்டார்கள். நல்லாத்தானே எரியுது, ஒயரைப் பாருங்கண்ணா என்று பானு எவ்வளவோ சொல்லிப் பார்த்தாள். எங்களுக்கு பல்பு வரைக்கும்தான் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அவர்கள் தெருமுனையைத் தாண்டுவதற்குள் அவள் செல்போனில் செய்தி வந்தது: 'தங்கள் பகுதியில் ஒளி மலர்ந்தது. புகார் முடித்து வைக்கப்பட்டது.' அந்தச் செய்தியை அவள் படித்தது, நின்றுபோன வண்டியில் உட்கார்ந்துகொண்டுதான். ஒன்பது.

இனி ஒன்றுதான் பாக்கி. அன்று மத்தியானம் சுற்று முடிந்ததும், வண்டியை நேரே திருமழிசைக்கு விட்டாள். பஸ் ஸ்டாண்டுக்கு எதிர்ச் சந்தில் அமல்ராஜ் என்று ஒரு ஆட்டோ எலக்ட்ரீசியன் கடை வைத்திருந்தான். பேச்சு கம்மி, டெஸ்டர் எப்போதும் காதில்.

அவன் சீட்டைத் தூக்கவில்லை, பேட்டரியைப் பார்க்கவில்லை. வண்டியின் பின்பக்கம் போய் நின்று, ஓங்கி ஒரு குத்து விட்டான். விளக்கு அணைந்தது. மறுபடி குத்தினான். எரிந்தது.

"எக்கா, இத யாரு இங்க அடிச்சது?"

பின்பக்கத்தில் ஒரு எவர்சில்வர் தகடு இருந்தது. எட்டு மாசத்துக்கு முன்னால் கொடியசைத்துத் துவக்கி வைத்த விழாவில், வரிசையில் முதலாவதாக நின்ற வண்டி இது என்பதால் இதற்கு மட்டும் அடித்தது. தலைவர், துணைத் தலைவர், நிலைக்குழுவினர், ஒப்பந்ததாரர் என்று வரிசையாகப் பதினோரு பெயர்கள். வலது கீழ்மூலையில் ஆணையர் பெயர். நாலு மூலைக்கும் நாலு ஸ்க்ரூ.

"உள்ள பின்லைட்டுக்கு வயர் போவுது. வலது கீழ்மூலை ஸ்க்ரூ அதுக்குள்ள எறங்கிகீது. வண்டி குலுங்கினா வயர் பாடியில ஷார்ட் ஆவுது, எல்லாம் கட் ஆவுது. அந்தாண்ட நவுந்தா திரும்ப வந்துடுது. அவ்ளோதான்."

"அவ்ளோதானா?"

"ஸ்க்ரூவ எடுத்துட்டு டேப் சுத்தினா போதும். அஞ்சி நிமிஷம்."

"அப்ப சுத்து நைனா, உனக்குப் புண்ணியமா போவும்!"

அமல்ராஜ் டெஸ்டரைக் காதில் சொருகிக்கொண்டான். "எக்கா, இது பேரு போட்ட தகடு. போன வருஷம் ஒரு பஸ் நிழற்குடையில வெல்டு வெக்கப் போயி, ஒருத்தர் பேர்ல கரி புடிச்சிடுச்சின்னு என்ன ஸ்டேஷன்ல குந்த வெச்சாங்க. லெட்டர் வாங்கினு வா, கண்ண மூடிகினு கழட்றேன்."

பானுவுக்குக் கோபம் வந்தாலும், மனசு ஒரு பக்கம் பாடியது. பழுது கிடைத்துவிட்டதே! இனி யார் இல்லை என்று சொல்ல முடியும்? ஓட்டமாக நாகேந்திரனிடம் போனாள். அவர் கேட்டுவிட்டு, முதலில் கதவைச் சாத்தினார்.

"என்னம்மா பேசற நீ? பெயர்ப் பலகையில கை வெக்கறதா? எனக்கு இன்னும் ரெண்டு வருஷம் சர்வீஸ் இருக்கு."

விஷயம் ஆணையரின் ஆய்வுக் கூட்டத்துக்குப் போயிற்று. பானு சுவரோரமாக நின்றாள். ஆணையர் பழுதைப் பற்றி முழுதாகக் கேட்டுக்கொண்டார். ரொம்ப அமைதியாகப் பேசினார்.

"உணர்ச்சிவசப்படாம யோசிப்போம். இந்த நகராட்சியில நாம நூத்தி முப்பத்தாறு இடத்துல பெயர்ப் பலகை வெச்சிருக்கோம். கழிப்பறையில தண்ணி வரல, பலகை இருக்கு. பூங்காவுல ஊஞ்சல் உடைஞ்சிருக்கு, பலகை இருக்கு. ஒரு பலகையாவது இதுவரைக்கும் பழுதாச்சுன்னு புகார் வந்திருக்கா? வரல. பழுதாகறது எல்லாம் மத்ததுதான். அப்ப நம்பகமானது எது?"

"பலகைதான் சார்" என்றார்கள் எல்லாரும்.

"அப்ப ஏன் பலகையைச் சந்தேகப்படறீங்க? வயரை வேற பக்கம் கொண்டு போக முடியுமான்னு வண்டி செஞ்ச கம்பெனிக்கு எழுதுங்க. பதில் வர்ற வரைக்கும் வேகத்தடை இல்லாத தெருவா பார்த்துப் போகச் சொல்லுங்க."

வெள்ளேரிப்பாக்கத்தில் வேகத்தடை இல்லாத தெரு ஒன்றே ஒன்றுதான். ஆணையர் குடியிருக்கும் தெரு. அது பானுவின் சுற்றில் இல்லை.

அன்று சாயங்காலம் ஷெட்டில் யாரும் இல்லாத நேரம் பார்த்து, பானு அண்ணனிடம் வாங்கி வந்த ஸ்க்ரூடிரைவரை எடுத்தாள். கீழ்மூலை ஸ்க்ரூ கறக் கறக்கென்று முனகிக்கொண்டே வெளியே வந்தது. நுனியில் செம்புத் துருவல் ஒட்டியிருந்தது. வயரில் கறுப்பு டேப்பை நாலு சுற்றுச் சுற்றி அழுத்தி ஒட்டினாள். துலுக்கானம் வாசலில் நின்று ஆள் வந்தால் விசில் ஊதுவதாக ஏற்பாடு. ஆள் வரவில்லை. ஆனாலும் பயத்தில் இரண்டு தடவை ஊதிவிட்டார்.

மறுநாளிலிருந்து வண்டி நிற்கவில்லை. பத்து நாள், ஒரு இடத்தில்கூட. வேகத்தடை கண்டால் பானு வேண்டுமென்றே கொஞ்சம் வேகமாக ஏற்றினாள். ஏழரைக்கு முடிய வேண்டிய தெருக்கள் ஏழேகாலுக்கே முடிந்தன. "இன்னாம்மே, பறக்குது?" என்று துலுக்கானம் பின்னாலிருந்து கத்தினார். முன்னால் நடக்க வேண்டிய ஆள் இப்போது பின்னால் ஓடி வந்துகொண்டிருந்தார். பதிவேடு ஒன்பதிலேயே நின்றது. மாசம் முடிய நாலே நாள்.

இருபத்தேழாம் தேதி காலை, ஆணையரின் ஜீப் தற்செயலாகப் பானுவின் வண்டிக்குப் பின்னால் வந்தது. சாலை கொஞ்சம் மோசம். ஆணையர் எதிரே பார்த்தார். பத்துப் பெயர்கள் ஆடாமல் அசையாமல் இருந்தன. கீழ்மூலையில் தன் பெயர் மட்டும் தடதடவென்று ஆடிக்கொண்டிருந்தது.

மாலைக்குள் பானுவிடம் விளக்கம் கேட்டு ஓலை வந்தது. குற்றச்சாட்டு இரண்டு. ஒன்று, பொதுமக்களுக்கு அர்ப்பணிக்கப்பட்ட தகட்டின் திருகாணியை அகற்றி ஆணையரின் பெயரை நிலைகுலையச் செய்தது. இரண்டு, கம்பம் எண் 7/114-அ-வை மின் பிரிவின் அனுமதி பெறாமல் நாள்தோறும் பதினோரு கிலோமீட்டர் இடம் மாற்றியது.

"நல்லா ஓடிச்சே சார்" என்றாள் பானு. "பத்து நாளா ஒரு எடத்துல கூட நிக்கலயே. அத யாராவது எழுதினீங்களா?"

"ஓடறதுக்கு ரெஜிஸ்டர்ல கட்டம் இல்லம்மா" என்றார் நாகேந்திரன். நிஜமாகவே வருத்தமாகச் சொன்னார். பத்தாவது தவறை அவரே எழுதினார், அழகான கையெழுத்தில்.

தகட்டைச் சரி செய்ய அவசர வேலையாக ஆள் வந்தது. இனி யாரும் கழற்றவே முடியாதபடி, பழையதைவிட ஒன்றரை மடங்கு நீளமான ஸ்க்ரூ. அது வயர்க் கட்டை முழுசாகத் துளைத்துக்கொண்டு போய் அந்தப் பக்கம் தலை காட்டியது. ஆணையர் பெயர் அசையாமல் நின்றது. வண்டியும்தான். அதற்கப்புறம் அது வேகத்தடைக்குக்கூடக் காத்திருக்கவில்லை, ஷெட்டிலேயே கிளம்பவில்லை.

புதுப் பட்டியலில் அந்த வண்டிக்கு அஜித்குமார் என்ற பையன் ஓட்டுநர். பானுவுக்குத் தள்ளுவண்டி என்று ஆணை. ஆனால் பேட்டரி வண்டி வந்த அன்றைக்கே தள்ளுவண்டிகளை எல்லாம் எடைக்குப் போட்டாகிவிட்டது. ஆணை போட்டாயிற்று, திரும்பப் பெற முடியாது. தள்ளுவண்டி என்றால் தள்ளப்படும் வண்டி என்று கொள்ளலாம் என ஒரு குறிப்பு எழுதி, நாகேந்திரன் கையெழுத்துப் போட்டார்.

முதல் தேதி காலை. அஜித்குமார் சீட்டில் உட்கார்ந்து ஸ்டியரிங்கைப் பிடித்தான். பானு பின்னால் நின்று தகட்டில் கை வைத்துத் தள்ளினாள். பதினோரு பெயர்களும் அவள் முகத்துக்கு நேரே. துலுக்கானம் முன்னால் ஊதிக்கொண்டு போனார், அடிக்கடி திரும்பிப் பார்த்தார், ஒரு கேலியும் சொல்லவில்லை. அதுதான் அவளுக்கு என்னவோ போல் இருந்தது.

ஆறு நாள் இப்படி. ஜிபிஎஸ்ஸில் வண்டி தினமும் முழுச் சுற்றும் போனதாகப் பச்சைக் கோடு காட்டியது. நடுவழியில் நிற்பது அறவே ஒழிந்துவிட்டது என்று மேலிடத்துக்கு அறிக்கை போயிற்று. பாராட்டு வந்தது. தகட்டில் பன்னிரண்டாவதாக ஒரு பெயருக்கு இடம் இருக்குமா என்று அளவெடுக்க ஆள் வந்து போனான்.

ஏழாம் நாள், பஜனை கோயில் தெரு மேடு. அஜித்குமார் தலையைத் திருப்பி, "எக்கா, கொஞ்சம் ஜல்தி தள்ளுக்கா, பச்சக்கோடு மஞ்சளாவுதுன்னு போன் வருது" என்றான்.

இடது தோளில் சுருக்கென்று ஒன்று இழுத்தது. பானு கையை எடுத்துவிட்டாள். வண்டி மெதுவாகப் பின்வாங்கிச் சாக்கடைக் கட்டையில் முட்டி நின்றது. பின்னால் தண்ணி லாரி ஹாரன் அடித்தது. அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு தெருவைத் தாண்டி, டீக்கடை பெஞ்சில் போய் உட்கார்ந்தாள். துலுக்கானமும் விசிலைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு வந்து பக்கத்தில் குந்தினார்.

போன் அடித்தது. நாகேந்திரன்.

"என்னம்மா, ஜிபிஎஸ்ல வண்டி நிக்குதே? ஓட்டுநர் தவறா?"

"இல்ல சார். அந்தப் பையன் நல்லாத்தான் குந்திகினு கீறான்."

"அப்ப வண்டிப் பழுதா? என்ன பழுதுன்னு சொல்லு, எழுதணும்."

"மோட்டர் சார்."

"மோட்டருக்கு என்ன?"

"டீ குடிச்சிகினு கீது சார்."

அந்தப் பக்கம் பேனா மூடியைத் திறக்கிற சத்தம் மட்டும் கேட்டது.

"சரி ஆக எத்தனை நிமிஷம் ஆகும்?"

பானு அடுப்பை எட்டிப் பார்த்தாள். "இப்பதான் சார் இஞ்சி தட்டிகினு கீறாங்க."